பீங்கான் காசும் மண்புழுவும்: டார்வின் குடும்பத்து ஊர்கள் வழியே

திங்கள், லிச்ஃபீல்ட்

டார்வின் என்றால் தாடிக்காரக் கிழவர், ஒரு கப்பல், ஒரு குரங்கு, அவ்வளவுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது. அவருக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த சனங்களைத் தேடித்தான் இப்போது கிளம்பியிருக்கிறேன். அப்பா வழித் தாத்தா, அம்மா வழித் தாத்தா, அப்பா மூவருமே இங்கிலாந்தின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினர்கள். மகன்களில் மூன்று பேர் அதே சொசைட்டியில். பேரன் ஒருவர் இயற்பியலாளர், பேத்தி ஒருத்தி மரச்செதுக்கு ஓவியர், இன்னொருத்தி கவிஞர், கொள்ளுப்பேரன் ஒருவன் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் செத்தவன். இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தக் குடும்பத்துக்காரர்களே அப்படிச் சொல்லி, அதை வைத்து ஒரு பெரிய வினையையும் இழுத்து வைத்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு அந்த ரத்தக் கதையில் நம்பிக்கை கிடையாது. இந்த வீடுகளில் வேறு ஏதோ கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது, அது என்ன என்று கிட்டே போய்ப் பார்க்கலாம் என்றுதான்.

லிச்ஃபீல்டில் வழி கேட்கவே வேண்டாம், கதீட்ரலின் மூன்று கூர்கோபுரங்களைப் பார்த்து நடந்தால் போதும். அதை ஒட்டிய பீக்கன் தெருவில் எராஸ்மஸ் டார்வினின் வீடு, இப்போது மியூசியம். சார்ல்ஸின் அப்பாவைப் பெற்றவர். 1758 முதல் 1781 வரை இங்கே வைத்தியம் பார்த்தார். பெருத்த உடம்பு, திக்குவாய், ஆனாலும் பேச ஆரம்பித்தால் ஆட்களைக் கட்டிப்போட்டுவிடுவாராம். சாப்பாட்டு மேசையில் தன் தொப்பைக்கு இடம்விட்டு அரைவட்டமாக வெட்டி வைத்திருந்தார் என்றொரு கதை உண்டு, நம்புவது உங்கள் பாடு. பர்மிங்ஹாம் சுற்றுவட்டாரத்து நண்பர்கள் மாதம் ஒருமுறை பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள். காரணம் தத்துவம் ஒன்றுமில்லை, கூட்டம் முடிந்து இருட்டில் வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமே. நீராவி இயந்திர ஜேம்ஸ் வாட், தொழிலதிபர் மேத்யூ போல்டன், வேதியியலாளர் பிரீஸ்ட்லி, நாளைக்கு நான் பார்க்கப்போகும் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட், எல்லாரும் அந்தக் கூட்டம். ஒருவர்கூடப் பிரபு வம்சம் இல்லை. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் வாசலை மிதிக்காதவர்களே அதிகம். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராதவனுக்கு அங்கே பட்டம் கிடையாது என்ற காலம் அது.

உயிர்களெல்லாம் சிப்பியிலிருந்து வந்தவை என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தை எராஸ்மஸ் தன் குதிரை வண்டியில் எழுதி வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். பேரன் பிறக்கவே இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது! கதீட்ரல் பாதிரியார் ஒருவர் அதைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டினார். நோயாளிகள் கைவிட்டுப் போய்விடுவார்களே என்று இவர் வண்டியிலிருந்து வாசகத்தை அழித்தார், ஆனால் புத்தகங்களில் ஒட்டும் தன் பெயர்ச்சீட்டில் அப்படியே விட்டுவைத்தார். இந்தக் குடும்பத்தின் குணம் முழுவதும் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நினைப்பதை நினைப்பார்கள், ஆனால் வருமானத்துக்கு வேட்டு வைக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். முதல் மனைவி இறந்த பிறகு, மகனைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டு இரண்டு பெண்குழந்தைகள். மறைக்கவில்லை, ஒதுக்கவில்லை, வீட்டிலேயே வளர்த்தார். இருவரும் வளர்ந்ததும் ஆஷ்பர்னில் பெண்கள் பள்ளி நடத்த வழிசெய்து கொடுத்தார், பெண்கல்வி பற்றி 1797-ல் ஒரு புத்தகமும் எழுதினார். அவருடைய பேரன் காலத்தில் இதே குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்திருந்தால் மூச்சுக் காட்டியிருக்க மாட்டார்கள். காலம் போகப்போகச் சமூகம் தளர்ந்துகொண்டே வரும் என்று நாமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

செவ்வாய், ஸ்டோக் ஆன் ட்ரென்ட்

ரயிலிலிருந்து இறங்கியதும் டாக்ஸி. ஓட்டுநருக்கு அறுபது வயது இருக்கும். இந்த ஊரில் ஆண் பெண் பாகுபாடில்லாமல் எல்லாரையும் "டக்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் அதே மரியாதை. அவருடைய அம்மா, பெரியம்மா, பாட்டி எல்லாரும் பீங்கானில் பூ வரையும் வேலை பார்த்தவர்களாம். "நீங்கள் போகலையா?" என்றேன். "நான் போகிற வயதில் அங்கே வேலை இல்லை, டக்" என்றார்.

ஜோசையா வெட்ஜ்வுட் 1730-ல் பக்கத்து பர்ஸ்லெமில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்ததும் பட்டறைக்கு வந்துவிட்டார். சின்ன வயதில் வந்த அம்மை முழங்காலைப் பிடித்துக்கொண்டது, சக்கரத்தைக் காலால் மிதிக்க முடியாது. அதனால் வனைவதை விட்டுவிட்டுக் களிமண், மெருகு, நிறம் என்று ஆராய்ச்சியில் இறங்கினார். 1768-ல் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. மயக்க மருந்து என்ற ஒன்றே கண்டுபிடிக்கப்படாத காலம். அடுத்த வருடம் எட்ரூரியா என்று பெயர் வைத்துப் புதுத் தொழிற்சாலை திறந்தார். பீங்கான் மேடுபள்ளச் சாலையில் போனால் உடைகிறது, ஆகவே ட்ரென்ட் நதியையும் மெர்ஸி நதியையும் இணைக்கும் கால்வாய்க்கு ஆள் திரட்டி, 1766-ல் முதல் மண்வெட்டை அவரே வெட்டினார். எராஸ்மஸும் அந்தக் கால்வாய்க்காக எழுதிக்கொடுத்து உதவினார். இரண்டு தாத்தாக்களையும் சேர்த்து வைத்ததில் கால்வாய்க்கும் பங்குண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

எட்ரூரியா தொழிற்சாலையில் இப்போது உருண்டையான ஒரு சிறு கட்டடம் மட்டும்தான் மிச்சம். அவர் குடியிருந்த மாளிகை ஒரு ஹோட்டலின் பகுதியாகிவிட்டது. பார்க்க வேண்டியது பார்லஸ்டனில் இருக்கும் சேகரிப்பு. மற்றவர்கள் பெரிய ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். நகம் அளவிலிருந்து விரல் அளவு வரை நீலத் துண்டுகள், வரிசை வரிசையாக. வெளிர்நீலம், சாம்பல் கலந்த நீலம், வெந்து கறுத்த நீலம், ஓரம் கொப்பளித்தது, நடுவில் விரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு எண், அவருடைய சோதனை நோட்டில் அதற்கான கலவை. சூளையில் எந்த இடத்தில் வைத்துச் சுட்டது என்பதற்கும் குறிப்பு உண்டு, சூளையின் உச்சியோ உச்சி என்பதற்கு நாலெழுத்துச் சுருக்கம். வெட்ஜ்வுட் என்றதும் இன்றும் கண்ணில் நிற்கும் அந்த நீல-வெள்ளைப் பாண்டத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கில் இப்படிச் சுட்டுப் பார்த்திருக்கிறார். கூடவே சூளையின் வெப்பத்தை அளக்க ஒரு கருவி செய்தார், அதற்காகத்தான் ராயல் சொசைட்டி 1783-ல் அவரைச் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்ட குயவர்.

பக்கத்திலேயே அந்தப் புகழ்பெற்ற பதக்கம். சங்கிலி பூட்டிய கறுப்பு மனிதன் ஒருவன் மண்டியிட்டு, நானும் மனிதனில்லையா, சகோதரனில்லையா என்று கேட்கிறான். 1787-ல் வில்லியம் ஹேக்வுட் வடித்தது. வெட்ஜ்வுட் அதை விற்கவில்லை, சும்மா கொடுத்தார், அமெரிக்காவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்துப் போட்டுக்கொண்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அவர் விற்ற தேநீர்க் கோப்பைகளும் சர்க்கரைக் கிண்ணங்களும் இங்கிலாந்து எங்கும் பரவியதே அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்துச் சர்க்கரையோடு சேர்ந்துதான். இதை அங்கிருந்த பலகையில் இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம்.

இந்தச் சேகரிப்பே ஏலத்துக்குப் போயிருக்க வேண்டியது. 2009-ல் கம்பெனி திவாலானபோது ஓய்வூதிய நிதியில் 13 கோடி 40 லட்சம் பவுண்டு பள்ளம். மியூசியம் தனி அறக்கட்டளைதான், ஆனால் அதன் ஊழியர்கள் ஐந்து பேர் அதே ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கவிழ்ந்துவிட்டதால் சட்டப்படி மொத்தக் கடனும் மியூசியத்தின் தலையில் விழுந்தது. ஐந்து பேருக்காக, சர்க்கரைக் கிண்ணம் முதல் சோதனை நோட்டு வரை எல்லாம் கடனாளிச் சொத்து என்று 2011-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014-ல் பொதுமக்களிடமும் அறக்கட்டளைகளிடமும் ஒரு கோடியே 57 லட்சம் பவுண்டு திரட்டி மீட்டு, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் பெயரில் எழுதிக்கொடுத்தார்கள். டாக்ஸிக்காரரின் அம்மாவும் அந்த ஓய்வூதியத்தில்தான் இருந்தாராம். "மியூசியத்தைக் காப்பாற்ற எல்லாரும் காசு போட்டாங்க" என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன், மேர், பிறகு ஷ்ரூஸ்பரி

மேர் சின்னக் கிராமம். ஏரி, மேட்டில் ஒரு தேவாலயம், ஒரு மாளிகை. மாளிகை தனியாருடையது, வாசலோடு சரி. பேருந்தை நம்பிப் போகாதீர்கள்.

இங்கேதான் ஜோசையாவின் மகன், அவரும் ஜோசையா, குடியிருந்தார். அப்பா குயவர், மகன் வேட்டைத் துப்பாக்கியும் நூலகமும் வைத்துக்கொண்ட கனவான். ஒரே தலைமுறையில் ஏறிவிட்டார்கள். அவருடைய அக்கா சூசன்னா எராஸ்மஸின் மகன் டாக்டர் ராபர்ட்டைக் கட்டிக்கொண்டு ஷ்ரூஸ்பரி போனவர். சூசன்னாவின் மகன் சார்ல்ஸ், இந்த ஜோசையாவின் மகள் எம்மா. அப்படியென்றால் சார்ல்ஸ் டார்வின் கட்டிக்கொண்டது சொந்த மாமன் மகளை! அதோடு விட்டார்களா, சார்ல்ஸின் அக்கா கரோலினை எம்மாவின் அண்ணனுக்கு ஏற்கெனவே 1837-ல் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. எம்மாவின் இன்னொரு அண்ணனும் உறவுக்குள்தான் கட்டினார். இங்கிலாந்துக்காரர்கள் இந்த வம்சாவளியைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள், நமக்கு விரல்விட்டு எண்ணாமலே புரிந்துவிடும். காரணமும் ஒன்றுதான், சொத்து வெளியே போகாது, மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

1838-ல் சார்ல்ஸ் ஒரு தாளில் கோடு போட்டு, கல்யாணம் செய்வதால் என்ன லாபம், செய்யாவிட்டால் என்ன லாபம் என்று இரண்டு பக்கமும் எழுதினார். லாபப் பக்கத்தில், எப்படியும் ஒரு நாயை விட மனைவி மேல் என்று இருக்கிறது. அந்தத் தாளை எம்மா அப்போது பார்க்காதது அவருடைய அதிர்ஷ்டம். 1839 ஜனவரி 29 அன்று இந்த மேட்டுத் தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா பத்தாயிரம் பவுண்டு, பெண்ணின் அப்பா ஐயாயிரம் பவுண்டும் வருடத்துக்கு நானூறு பவுண்டும். அந்தக் காலத்து நானூறு பவுண்டு ஒரு நடுத்தரக் குடும்பம் வசதியாக வாழப் போதுமானது. சார்ல்ஸ் தன் வாழ்நாளில் சம்பளத்துக்கு வேலை பார்த்ததே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் ஷ்ரூஸ்பரி. டாக்டர் ராபர்ட் ஆறடிக்கு மேல் உயரம், 24 ஸ்டோன் எடை, கிட்டத்தட்ட 150 கிலோ. வைத்தியம் பார்த்ததோடு ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தும் கால்வாய், நிலம் என்று பணம் போட்டும் பெருக்கியவர். செவர்ன் நதிக் கரையில் அவர் கட்டிய செங்கல் வீடு, தி மவுண்ட், அதில்தான் சார்ல்ஸ் 1809-ல் பிறந்தார். ரொம்ப காலம் அது வரி மதிப்பீட்டு அலுவலகமாக இருந்தது! மகன் படித்த பழைய பள்ளி இப்போது நூலகம், வாசலில் உட்கார்ந்த நிலையில் ஒரு வெண்கல டார்வின்.

மகன் வைத்தியப் படிப்பையும் விட்டான், பாதிரியார் ஆகிறேன் என்று கேம்பிரிட்ஜ் போனான், கடைசியில் கப்பல் ஏறி உலகம் சுற்றப் போகிறேன் என்று வந்து நின்றான். அப்பா முடியாது என்றார். ஆனால் புத்தியுள்ள ஒருவராவது போகலாம் என்று சொன்னால் சம்மதிக்கிறேன் என்று ஒரு வாசலைத் திறந்தும் வைத்தார். சார்ல்ஸ் மேருக்கு மாமனிடம் ஓடினார். அப்பாவின் எட்டு ஆட்சேபணைகளை வரிசையாக எழுதிக் கொடுக்க, மாமன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி அனுப்பினார், மறுநாள் வண்டி கட்டி நேரிலேயே கிளம்பிவிட்டார். தாய்மாமன் சொன்னால் எந்த வீட்டிலும் எடுபடும் போலிருக்கிறது. அப்பா இறங்கி வந்தார். அவரைக் குளிர்விக்க, கப்பலில் படிக்காசுக்கு மேல் செலவழிக்க வேண்டுமானால் நான் பெரிய சாமர்த்தியசாலியாக இருக்க வேண்டும் என்றாராம் மகன். நீ பெரிய சாமர்த்தியசாலி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றாராம் அப்பா.

வியாழன், லண்டன்

நாள் முழுக்க ரயிலும் மழையும். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்குப் பக்கத்தில் சார்ல்ஸின் கல்லறை, பெயரும் தேதியும் மட்டும். கடவுள் நம்பிக்கை போய்விட்ட மனிதரை தேவாலயத்தின் நடுவில் புதைத்துவிட்டார்கள். குடும்பம் கிராமத்திலேயே அடக்கம் செய்ய நினைத்தது, நண்பர்கள் விடவில்லை. எம்மா இங்கே இல்லை. நுழைவுச்சீட்டு விலையைச் சொல்லி உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை.

வெள்ளி, டவுன் (Downe) கிராமம்

ப்ராம்லியிலிருந்து 146-ஆம் எண் பேருந்து, லண்டன் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் இரண்டு பக்கமும் வேலி, வயல், குதிரை. 1842 செப்டம்பரில் குடிவந்தவர்கள், சார்ல்ஸ் 1882-ல் சாகிற வரை இங்கேதான். அவருக்குப் பிறகு கொஞ்ச காலம் இந்த வீடு ஒரு பெண்கள் பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

நான் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தது படிப்பறையை. சக்கரம் வைத்த நாற்காலி, மூலையில் திரை மறைவில் வாந்தி எடுக்கவும் கழுவவும் ஓரிடம். நடுத்தர வயதில் பாதி நாள் அவருக்கு வயிறு சரியில்லை. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது மாடிப்படியில் பிள்ளைகள் சறுக்கி விளையாடச் செய்து கொடுத்த மரப்பலகை. பத்துப் பிள்ளைகள், அதில் இரண்டு சிசுவிலேயே போயின, ஆனி பத்து வயதில் 1851-ல் போனாள். மற்ற ஏழும் இந்த வீட்டை இரண்டாக்கியிருக்கின்றன. இயற்கைத் தேர்வு பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் பிரதியில் நிறையப் பக்கம் தொலைந்துபோனதற்குக் காரணமே அச்சான பிறகு அதைப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டதுதான். பிழைத்த சில பக்கங்களின் பின்னால் காய்கறிச் சிப்பாய்களும் பழச் சிப்பாய்களும் சண்டை போடுகிறார்கள், கேரட்டின் மீது சவாரி வேறு. பிரான்சிஸ் வரைந்தது.

இந்த வீட்டில் ஆராய்ச்சி என்பது குடும்பத் தொழில். பிள்ளைகள் தேனீயைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும், அப்பா குறித்துக்கொள்வார். பிழைத்த மகள்களில் மூத்தவள் ஹென்ரியட்டா அவருடைய புத்தகங்களின் அச்சுப்படியைத் திருத்தினாள், கறாராகவே திருத்தினாள். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க எம்மா பியானோ வாசிக்க, பிரான்சிஸ் பஸூன் ஊத, பேரன் பெர்னார்ட் விசில் அடித்தான். புழுக்கள் அசையவில்லை. பியானோ மேலேயே தொட்டியை வைத்தபோது அதிர்வு தட்டி உள்ளே போய்விட்டன. மண்புழு தோண்டி வெளியே தள்ளும் மண்ணால் ஒரு கல் எவ்வளவு சீக்கிரம் புதைகிறது என்று அளக்க, பிழைத்த மகன்களில் கடைசியான ஹோரஸ் ஒரு கருவி செய்தார். கல் இன்னும் தோட்டத்தில் இருக்கிறது, பிற்பாடு மறுபடி செய்து வைத்தது. வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்குகிறது. அதற்குக் காத்திருக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று யோசியுங்கள்.

நேரம். இந்த வீடுகளில் கைமாறிக்கொண்டு வந்தது அதுதான் என்று எனக்கு இங்கே பட்டது. குயவர் சூளையில் சுட்டு, டாக்டர் வட்டிக்கு விட்டுச் சேர்த்தது பேரனுக்கு நாற்பது வருட ஓய்வாக வந்து சேர்ந்தது. பார்ஸ்லோ என்ற பட்லர் முப்பது வருடத்துக்கு மேல் இங்கே வேலை பார்த்தார், சமையல், குழந்தை, தோட்டம் எல்லாவற்றுக்கும் ஆட்கள், எல்லாருக்கும் மேலே எம்மா. 1858-ல் இதே கருத்தை எழுதி இங்கே தபாலில் அனுப்பிய ஆல்ஃப்ரெட் வாலஸ், பதினாலு வயதில் பள்ளியை விட்டு, பூச்சியும் பறவையும் பிடித்து விற்று அந்தக் காசில் மலாய்த் தீவுகளில் சுற்றிக்கொண்டிருந்தார். மூளையில் குறை ஒன்றும் இல்லை. வயதான காலத்தில் அவருக்கு வருடம் இருநூறு பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கிக் கொடுக்க டார்வின்தான் அலைந்தார். நல்ல மனசு, ஆனாலும் கணக்கு உதைக்கிறது.

மணல்வழி என்று ஒரு நடைபாதை. எத்தனை சுற்று என்பதற்குக் கல்லை வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிவிடுவார், பிள்ளைகள் திருட்டுத்தனமாக எடுத்து வைத்துவிடுவார்களாம். நானும் ஒரு சுற்று நடந்தேன், சேறு. கிராமத் தேவாலயத்தில் எம்மா, அவளுக்குக் கிட்டே கணவரின் அண்ணன். கணவர் நரகத்தை நம்பவில்லை என்று எழுதிவைத்த வரிகளைச் சுயசரிதையில் அச்சடிக்கக் கூடாது என்று தடுத்தவள் எம்மாதான். 1958-ல் ஹோரஸின் மகள் நோரா பார்லோ அந்த வரிகளை எல்லாம் திரும்பச் சேர்த்து வெளியிட்டார். பாட்டி மறைத்ததைப் பேத்தி திறக்க எழுபது வருடம் ஆகியிருக்கிறது.

சனி, கேம்பிரிட்ஜ்

சார்ல்ஸ் இறந்த பிறகு குடும்பத்தில் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1882 வரை இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் ஆசிரியர்கள் கல்யாணம் செய்தால் பதவி போய்விடும். அந்த விதி எடுபட்டதும் ஊரெல்லாம் வீடுகள் முளைத்தன, பேராசிரியர் வீட்டுப் பெண்ணைப் பேராசிரியர் வீட்டுப் பையன் கட்டுவது தொடங்கியது. டார்வின் வீட்டுப் பையன்கள் முதல் வரிசையில். ஜார்ஜ் கடல் ஓதங்களை ஆராய்ந்தார், பிரான்சிஸ் தாவரங்களை, ஹோரஸ் கருவி செய்யும் கம்பெனி நடத்தி ஊர் மேயரும் ஆனார். மூவருக்கும் சர் பட்டம் கிடைத்தது. அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை.

பெண்கள் கதை வேறு. பிரான்சிஸின் இரண்டாவது மனைவி எல்லன் கிராஃப்ட்ஸ், நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர், கல்யாணத்தோடு விட்டுவிட்டார். ஆண்களுக்கு விதியை எடுத்துவிட்டார்கள், பெண்களுக்கு அது எழுதாத விதியாகத் தொடர்ந்தது. அவருடைய மகள் ஃப்ரான்சிஸ் கார்ன்ஃபோர்ட் கவிஞரானார், கல்லூரிப் படிப்பே இல்லாமல். ஜார்ஜின் மகள் க்வென் ரேவரட் லண்டன் போய் ஓவியம் படித்து மரச்செதுக்கில் பெயர் எடுத்தார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்தான். எள்ளுத்தாத்தா எராஸ்மஸ் பெண்கல்விக்குப் புத்தகம் எழுதி நூற்றைம்பது வருடம்!

ஜார்ஜின் வீடு நியூன்ஹாம் கிரேஞ்ச், ஆற்றோரம், சில்வர் தெருப் பாலத்தில் நின்றாலே தெரியும். அவருடைய மகன் இயற்பியலாளர் சார்ல்ஸ் கால்டன் டார்வின் 1962-ன் கடைசி நாளில் இறந்ததும், 1964-ல் அது டார்வின் கல்லூரியாக மாறியது. மேற்படிப்பு மாணவர்களுக்கு மட்டுமேயான கல்லூரி, கேம்பிரிட்ஜில் ஆண் பெண் இருபாலரையும் சேர்த்த முதல் கல்லூரி. ஹன்டிங்டன் சாலையில் ஹோரஸ் வீட்டு நிலம் இன்னொரு பெண்கள் கல்லூரிக்குப் போனது. அந்தக் கல்லூரிக்கு இப்போது வேறு பெயர். பழைய காசு கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் இது என்றால் எனக்கு வருத்தமில்லை.

கவிஞர் ஃப்ரான்சிஸ் கார்ன்ஃபோர்டின் மகன் ஜான் இங்கே ட்ரினிட்டி கல்லூரியில் படித்தவன், கம்யூனிஸ்ட், அம்மாவைப் போலக் கவிஞன். பிராங்கோவை எதிர்த்துச் சண்டை போட ஸ்பெயின் போனான். 1936 டிசம்பரில், இருபத்தொன்றாவது பிறந்தநாளை ஒட்டி, கோர்டோபா பக்கம் கொல்லப்பட்டான். குயவர் சம்பாதித்து, டாக்டர் பெருக்கி, விஞ்ஞானி செலவழித்த நேரத்தில் இவன் பங்கு இருபத்தொரு வருடம்.

ஞாயிறு, கேம்பிரிட்ஜ்

ஹன்டிங்டன் சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் போனால் சின்னக் கல்லறைத் தோட்டம். வருகிறவர்கள் எல்லாம் தத்துவவாதி விட்கென்ஸ்டைனைத் தேடி வருகிறார்கள். ஹோரஸும் மனைவி ஐடாவும் இங்கே, பிரான்சிஸும் இங்கே. அவருடைய குழியிலேயே மகள், கவிஞர் ஃப்ரான்சிஸையும் வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் சொன்ன ரத்தக் கதைக்கு வருகிறேன். எராஸ்மஸின் இன்னொரு பேரன் பிரான்சிஸ் கால்டன். துப்பாக்கி செய்து பேங்க் வைத்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அறிவு பரம்பரையாக வருகிறது என்று 1869-ல் புத்தகம் எழுதினார், நல்ல இனத்தை மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-ல் யூஜெனிக்ஸ் என்று பெயரும் வைத்தார். பெரிய மனிதர்களின் குடும்பங்களை எண்ணிக் கணக்குக் காட்டினார், சொந்தக் குடும்பம் உட்பட. அந்தக் குடும்பங்களின் வீட்டு வாடகையை யார் கட்டினார்கள் என்று எண்ணவில்லை. சார்ல்ஸின் மகன் லியனார்ட் ராணுவ மேஜர், 1911 முதல் 1928 வரை அந்தக் கொள்கைக்கான சங்கத்தின் தலைவர், 1912-ல் லண்டனில் நடந்த முதல் சர்வதேச மாநாட்டுக்கும் தலைமை அவர்தான். வேடிக்கை என்னவென்றால், மாமன் மகளைக் கட்டியதால் தன் பிள்ளைகள் நோஞ்சானாகிவிட்டார்களோ என்று அப்பா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுக் கல்யாணம் பற்றிக் கேட்கச் சொல்லிப் பார்த்தார், நாடாளுமன்றம் ஒப்பவில்லை. 1875-ல் ஜார்ஜ் தானே கணக்கெடுத்துப் பார்த்து, ஆபத்து ஒன்றும் பெரிதாக இல்லை என்றார்.

1912-ல் மனவளர்ச்சி குன்றியவர்களைப் பிடித்து நிறுவனங்களில் அடைக்க ஒரு மசோதா வந்தது. லியனார்டின் சங்கம் அதற்குப் பின்னால் முழு மூச்சாக நின்றது. எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? ஜோசையா வெட்ஜ்வுட், அதே பெயரில் நாலாவது ஆள், குயவரின் வாரிசு, அப்போது லிபரல் கட்சி எம்.பி., பின்னால் லேபர். அறிவாளிகள் ஏழைகளைத் தரம் பிரிப்பதற்கு எந்த உரிமையும் இல்லை என்ற கட்சி அவருடையது. இரவிரவாக எழுந்து எழுந்து திருத்தம் கொடுத்தார், சாக்லேட்டைத் தின்று சமாளித்தார் என்கிறார்கள். கூட நின்றவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். 1913-ல் சட்டம் நிறைவேறிவிட்டது, 1959 வரை அமலில் இருந்தது. லியனார்டை ஆதரித்தவர்களில் நல்லவர்கள், படித்தவர்கள், முற்போக்காளர்கள் எல்லாரும் இருந்தார்கள், இதோ இந்தக் கல்லுக்கு அடியில் இருக்கும் ஐடா டார்வின் உட்பட. மனநல சேவைக்கு அவர் செய்தது நிறைய, ஃபுல்போர்னில் ஒரு ஆஸ்பத்திரிக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

ஸ்டோக் டாக்ஸிக்காரருக்கு இந்த நாலாவது ஜோசையாவைத் தெரிந்திருந்தது. அந்த ஊர்ப்பக்கம், நியூகாசில் அண்டர் லைமில், 1906 முதல் 1942 வரை அவர்தான் எம்.பி. பாட்டி அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாராம், முதலில் வயது வராததால் போட முடியாமல், பிறகு பெண்களுக்கும் ஆண்களைப் போலவே ஓட்டுரிமை தந்த 1928 சட்டம் வந்ததும்.